மூளைக் காயமடைந்த உளவு அதிகாரிகளுக்கு அமெரிக்கா தரும் இழப்பீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2016 முதல் வெளிநாடுகளில் பணியாற்றிய அமெரிக்கத் தூதரக, உளவு ஊழியர்கள் பலர் புகார் செய்த, காரணம் புரியாத உடல் கோளாறுக்கு ஹவானா சின்ட்ரோம் என்று பெயர். அதைப் பற்றித் தமிழில் வந்த செய்திகளில் பல மர்மக் கதையோடு நின்றுவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஆயுதம், ரஷ்ய உளவாளிகள், நள்ளிரவில் வந்த சத்தம் என்று போகும் அந்தக் கதைக்கு இன்னும் முடிவு கிடைக்கவில்லை. முடிவு தெரியட்டும் என்று காத்திராமல் 2021-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணம் தர வழி செய்துவிட்டது. எதனால் வந்தது, யார் செய்தார்கள் என்று தெரியாத ஒரு காயத்துக்கு அரசு எப்படி விலை போடுகிறது என்பதுதான் எனக்கு அந்த மர்மத்தைவிடச் சுவாரசியமாகப் படுகிறது. கீழே உள்ளவை அதையொட்டி வரும் கேள்விகள்.

முதலில், ஹவானாவில் என்னதான் நடந்தது?

அரை நூற்றாண்டுப் பகைக்குப் பிறகு 2015-இல் அமெரிக்காவும் கியூபாவும் தூதரகங்களை மறுபடி திறந்தன. 2016-இன் கடைசி மாதங்களில் கியூபத் தலைநகர் ஹவானாவில் பணியில் இருந்த சில அமெரிக்கர்கள் விசித்திரமான ஒன்றைச் சொல்லத் தொடங்கினார்கள். வீட்டிலோ ஓட்டல் அறையிலோ இருக்கும்போது திடீரென்று ஒரு திசையிலிருந்து கூர்மையான சத்தம் வருகிறது. தலைக்குள் அழுத்தம், காதுவலி. இடம் மாறி நின்றால் சிலருக்கு அது நின்றுவிடுகிறது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தலைசுற்றல், குமட்டல், காதில் ஓயாத இரைச்சல், தூக்கமின்மை, சொல் தடுமாறுவது, ஞாபக மறதி என்று மாதக்கணக்கில் தொடர்ந்தது. முதலில் புகார் சொன்னவர்களில் தூதரக ஊழியர் என்ற போர்வையில் இருந்த சிஐஏ அதிகாரிகளும் உண்டு.

2017 செப்டம்பர் இறுதியில் அவசரப் பணியில் இல்லாத ஊழியர்களை அமெரிக்கா ஹவானாவிலிருந்து திரும்ப அழைத்தது. அடுத்த சில நாட்களில் வாஷிங்டனிலிருந்து 15 கியூபத் தூதரக அதிகாரிகளை வெளியேற்றியது. கியூபா எல்லாவற்றையும் மறுத்தது.

பிறகு சீனாவின் குவாங்சோ, மாஸ்கோ, வியன்னா, பொகோட்டா என்று புகார்கள் பரவின. 26 ஆண்டுகள் சிஐஏ-வில் இருந்த மார்க் பாலிமெரோபுலோஸ், 2017 டிசம்பரில் மாஸ்கோ ஓட்டல் அறையில் தலை கிறுகிறுக்க விழித்ததையும், அதன்பின் விடாத தலைவலியால் 2019-இல் ஓய்வு பெற்றதையும் பெயர் சொல்லி, முகம் காட்டிப் பேசினார். உளவுத்துறையில் அது அபூர்வம். மொத்தப் புகார்கள் பிற்பாடு ஆயிரத்தைத் தாண்டின. அரசு ஆவணங்களில் இதற்கு "இயல்புக்கு மாறான உடல்நலச் சம்பவங்கள்" என்று பெயர். வேண்டுமென்றே வைத்த சப்பென்ற பெயர்; யாரையும் குற்றம் சாட்டாது.

இழப்பீட்டுச் சட்டம் எப்போது வந்தது?

2021 அக்டோபர் 8 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்டார். "ஹவானா சட்டம்" என்றே அழைக்கிறார்கள். செனட்டில் மசோதாவைக் கொண்டுவந்தவர் குடியரசுக் கட்சியின் சூசன் காலின்ஸ். மார்க் வார்னர், மார்கோ ரூபியோ, ஜீன் ஷஹீன் உடன் நின்றார்கள். செனட் ஜூன் மாதம் எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபையில் செப்டம்பர் 21 அன்று ஆதரவு 427, எதிர்ப்பு பூஜ்யம். எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகள் அந்த ஆண்டில் இப்படி ஒருமித்து வாக்களித்தவை அதிகமில்லை.

இது வெறுமையிலிருந்து வந்த சட்டமல்ல. 2019 டிசம்பரில் நிறைவேறிய செலவு ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே, கியூபா, சீனா போன்ற இடங்களில் காயம்பட்ட வெளியுறவுத் துறை ஊழியர்களுக்கும் குடும்பத்தாருக்கும் சிறப்புச் சலுகை தர ஒரு பிரிவு நுழைந்திருந்தது. 2021 சட்டம் மூளைக் காயத்துக்கென்று தனியே பணம் தரும் அதிகாரத்தை சிஐஏ இயக்குநருக்கும் வெளியுறவு அமைச்சருக்கும் பிற அமைப்புகளின் தலைவர்களுக்கும் கொடுத்தது. 180 நாட்களுக்குள் விதிகள் வகுக்க வேண்டும் என்றும் சொன்னது. வெளியுறவுத் துறையின் விதிகள் 2022 ஜூன் 30 அன்று அரசிதழில் வந்தன.

அரசு ஊழியருக்குப் பணியில் அடிபட்டால் நஷ்டஈடு தர ஏற்கெனவே சட்டம் இருக்குமே? தனிச் சட்டம் எதற்கு?

இருக்கிறது. 1916-லிருந்தே இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கான அந்த இழப்பீட்டுச் சட்டத்தைத் தொழிலாளர் துறை நடத்துகிறது. பெட்டி தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்ட அஞ்சல் ஊழியருக்கு அது நன்றாகவே பொருந்தும். விண்ணப்பதாரர் மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும்: இன்ன சம்பவம் நடந்தது, அது பணியின்போது நடந்தது, அதனால்தான் இந்த உடல் கோளாறு வந்தது.

உளவு அதிகாரி இந்த மூன்றிலும் தடுக்கி விழுகிறார். சம்பவம் என்ன என்று அவருக்கே தெரியாது. ஒரு சத்தம், ஓர் அழுத்தம், அவ்வளவுதான். நடந்தது பாதி நேரம் இரவில், படுக்கையறையில். அது பணி நேரமா என்று ஒரு எழுத்தர் கேட்டால் என்ன சொல்வது? அந்த ஊரில் அவர் எதற்காக இருந்தார், யாரைச் சந்தித்தார், ஏன் அவரைக் குறிவைக்க வேண்டும் என்பதையெல்லாம் ரகசியக் காப்பு இல்லாத ஒரு படிவத்தில் எழுத முடியாது. மருத்துவரிடம்கூட முழுதாகச் சொல்ல முடியாது. காரணத் தொடர்பைக் காட்டுவதோ, தேசிய அறிவியல் கழகமே திணறிய வேலை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. 1916 சட்டம் ஊழியருக்கு மட்டும். ஹவானாவில் கணவரோடு மனைவியும் குழந்தைகளும் அதே வீட்டில்தான் தூங்கினார்கள்.

அப்படியானால் யார் தாக்கியது என்று நிரூபிக்க வேண்டியதில்லையா?

வேண்டியதில்லை. இந்தச் சட்டத்தின் உயிர்நாடி இதுதான், செய்திகளில் அதிகம் பேசப்படாததும் இதுதான்.

காயம் போர், கிளர்ச்சி, பகைச் செயல், பயங்கரவாதச் செயல் ஆகியவற்றோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்று சட்டம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய், கடைசியில் "அல்லது துறைத் தலைவர் குறிப்பிடும் பிற சம்பவங்கள்" என்று ஒரு கதவைத் திறந்து வைக்கிறது. பகைநாடு எது, ஆயுதம் எது என்று விண்ணப்பதாரர் காட்ட வேண்டாம். அப்படி ஓர் ஆயுதம் இருக்கிறதென்றுகூடக் காட்ட வேண்டாம். மூளையில் காயம் உண்டு, அது வேண்டுமென்றே தானே வரவழைத்துக்கொண்டதல்ல, காலமும் இடமும் பொருந்துகின்றன என்று காட்டினால் போதும்.

நம் ஊரில் அடையாளம் தெரியாத வாகனம் மோதிவிட்டு ஓடிவிட்டால், ஓட்டியவர் யார் என்று தெரியாமலே மோட்டார் வாகனச் சட்டப்படி இழப்பீடு உண்டு. 2022-லிருந்து உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000. அதே தர்க்கம்தான். ஒரு வித்தியாசம்: சாலையில் வண்டி மோதியதை யாரும் சந்தேகிப்பதில்லை. இங்கே வண்டி வந்ததா என்பதே விவாதம்.

எந்தக் காயம் தகுதி பெறும்?

வெளியுறவுத் துறையின் விதிகள்தான் பொதுவெளியில் விரிவாகப் படிக்கக் கிடைப்பவை என்பதால் அவற்றை வைத்துச் சொல்கிறேன். 2016 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் ஏற்பட்ட காயமாக இருக்க வேண்டும். மூன்று வழிகளில் ஒன்று பொருந்த வேண்டும்.

முதல் வழி, மூளைக்கு நேர்ந்த திடீர்க் காயம். மூளை அதிர்ச்சி, தலையைத் துளைத்த காயம், அல்லது ஒரு சம்பவத்தின் விளைவாக மூளை இயங்கும் விதமே நிரந்தரமாக மாறிப்போனது. சிடி, எம்ஆர்ஐ போன்ற ஸ்கேனிலோ, மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி-யிலோ அதற்கு ஒத்த அடையாளம் தெரிய வேண்டும்.

இரண்டாவது, அதிர்ச்சிசார் மூளைக் காயம் என்று மருத்துவர் முறைப்படி கண்டறிந்து, 12 மாதமோ அதற்கு மேலோ சிகிச்சை தேவைப்பட்டது.

மூன்றாவதுதான் ஹவானா விவகாரத்துக்காகவே எழுதப்பட்டது போலத் தெரிகிறது: திடீரென்று புதிதாகத் தொடங்கி, விடாமல் நீடித்து, ஆளை முடக்கும் நரம்பியல் அறிகுறிகள். இதற்கும் ஒத்த அடையாளம் தேவை. ஆனால் அது ஸ்கேன், இஇஜி மட்டுமல்லாமல் உடல் பரிசோதனையிலோ வேறு தகுந்த சோதனையிலோ கிடைத்தாலும் போதும். இங்கும் 12 மாதச் சிகிச்சை நிபந்தனை உண்டு.

"உடல் பரிசோதனை" என்ற அந்த ஒரு சொல்லை யார் சேர்த்தார்களோ, அவர்தான் பலரைக் காப்பாற்றியிருக்கிறார். உடல் சமநிலைச் சோதனையில் தடுமாறும் ஒருவரின் எம்ஆர்ஐ படம் சுத்தமாக இருக்கலாம். படம் மட்டும்தான் சாட்சி என்றிருந்தால் அவருக்குக் கதவு மூடியிருக்கும்.

12 மாத நிபந்தனையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. மோசடியைத் தடுக்க ஏதோ ஓர் எல்லை வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் ஆரம்பத்தில் "மன அழுத்தம்தான், ஓய்வெடு" என்று திருப்பி அனுப்பப்பட்டவரிடம் சிகிச்சைக் காகிதம் எப்படிச் சேரும்? சிகிச்சை மறுக்கப்பட்டதே அவருக்கு எதிரான சான்றாகிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது.

எந்த மருத்துவர் சான்று தரலாம்?

குடும்ப மருத்துவர் எழுதிக் கொடுத்தால் செல்லாது. நரம்பியல் அல்லது மனநல மருத்துவத்துக்கான அமெரிக்க வாரியம், ஆஸ்டியோபதி என்ற தனி மருத்துவப் பிரிவில் அதற்கு இணையான வாரியம், உடலியக்க மறுவாழ்வு மருத்துவ வாரியம் இவற்றில் ஒன்றின் நடப்புச் சான்றிதழ் பெற்ற நிபுணராக இருக்க வேண்டும். காயம் விதியிலுள்ள வரையறைக்குப் பொருந்துகிறது என்று அவர் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். எந்தக் கருவியால் வந்தது என்று அவரும் சொல்ல வேண்டாம்.

எவ்வளவு பணம்?

தொகையை டாலரில் எழுதி வைக்காமல் ஒரு சம்பள அட்டவணையோடு கட்டிவிட்டார்கள். அமெரிக்க அரசின் உயர்பதவிச் சம்பளத்தில் ஐந்து படிகள் உண்டு. அதில் மூன்றாம் படியின் ஓராண்டுச் சம்பளத்தில் 75 விழுக்காடு அடிப்படைத் தொகை. கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு முழு 100 விழுக்காடு. விதி வந்த 2022-இல் மூன்றாம் படிச் சம்பளம் 1,87,300 டாலர். ஆகவே அடிப்படைத் தொகை 1,40,475 டாலர். முழுத் தொகை 1,87,300 டாலர். சம்பளம் உயர்ந்தால் தொகையும் உயரும்.

முழுத் தொகைக்கு மூன்றில் ஒன்று வேண்டும். இனி இவருக்கு எந்த வேலையும் செய்ய இயலாது என்று தொழிலாளர் துறை தீர்மானித்திருக்க வேண்டும். அல்லது சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் இவருக்கு ஊனமுற்றோர் உதவித்தொகை அனுமதித்திருக்க வேண்டும். அல்லது குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாடக் காரியங்களுக்கே முழுநேரத் துணை தேவை என்று மேற்சொன்ன தகுதியுள்ள மருத்துவர் சான்றளிக்க வேண்டும்.

முதலில் 75 விழுக்காடு வாங்கியவரின் நிலை பின்னால் மோசமாகி இந்த நிபந்தனைகளில் ஒன்றுக்குள் வந்துவிட்டால், மீதி 25-க்கு விண்ணப்பிக்கலாம்.

இது போதுமான தொகையா?

ஒரே தடவை தரும் பணம் என்பதை மறக்கக் கூடாது. நாற்பதுகளின் நடுவில் வேலையை விடும் ஒரு மூத்த அதிகாரி இன்னும் பதினைந்து, இருபது ஆண்டு சம்பாதித்திருப்பார். அந்தக் கணக்கின் முன் இது ஓராண்டுச் சம்பளம்கூட முழுதாக இல்லை. இழந்ததை ஈடுகட்டும் தொகை என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது கிடைத்துவிட்டது என்பதற்காகப் பழைய 1916 சட்டப்படியான மாதாந்திர உதவியோ ஓய்வூதியமோ போய்விடாது என்பதுதான் ஆறுதல்.

பணத்தைவிடப் பலர் எதிர்பார்த்தது வேறு. "உனக்கு ஒன்றுமில்லை" என்று ஆண்டுக்கணக்கில் கேட்டவர்களுக்கு, உனக்கு மூளைக் காயம் உண்டு என்று அரசு முத்திரை குத்திய ஒரு காகிதம். அந்தக் காகிதத்தின் விலை அட்டவணையில் இல்லை.

வரி பிடிப்பார்களா?

இல்லை. வருமான வரிக் கணக்கில் இது தொழிலாளர் இழப்பீடு போலவே கருதப்படும்.

குடும்பத்தாருக்கும் உண்டா?

உண்டு. பணியிடத்துக்கு உடன் சென்ற துணைவரும் பிள்ளைகளும் இதே தகுதி வரையறையில் தனித்தனியாக விண்ணப்பிக்கலாம். பணியை விட்டு விலகியவர்களும் ஓய்வு பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம்.

சிஐஏ அதிகாரி யாரிடம் விண்ணப்பிக்கிறார்?

தன் அமைப்பிடமே. ஒவ்வோர் அமைப்பும் தன் ஆட்களுக்குத் தானே விதி வகுத்து, தானே முடிவெடுத்து, தானே பணம் தருகிறது. நாடாளுமன்றம் ஒதுக்கும் நிதியிலிருந்துதான் தர முடியும். தனி நிதியம் கிடையாது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நியாயம் உண்டு. அதிகாரி எந்தப் பெயரில் எந்த ஊரில் இருந்தார் என்ற விவரம் அமைப்பைத் தாண்ட வேண்டாம். வெளித்துறை எழுத்தர் முன் ரகசியத்தைக் கொட்ட வேண்டிய பழைய சிக்கல் தீர்ந்தது. ஆனால் அதே ஏற்பாட்டின் மறுபக்கம் எனக்கு உறுத்துகிறது. "பெரும்பாலான சம்பவங்களுக்குப் பகைநாடு காரணமில்லை" என்று ஆய்ந்து எழுதும் அமைப்பும், "இவருக்கு அந்தச் சம்பவத்தால் காயம்" என்று காசோலை எழுதும் அமைப்பும் ஒன்றே. இரண்டு மேசைகள் வேறு வேறு என்று சொல்லலாம், கட்டடம் ஒன்றுதான்.

செனட் உளவுத்துறைக் குழு 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, சிஐஏ தன் ஆட்களுக்கு மருத்துவமும் சலுகைகளும் பெற்றுத் தந்த விதத்தையே ஆராய்ந்தது. சரியான நேரத்தில் சிகிச்சை பெறப் பலர் தடைகளைச் சந்தித்தார்கள் என்று அது பதிவு செய்திருக்கிறது.

சிகிச்சைக்குத் தனி ஏற்பாடு இருக்கிறதா?

2022 நிதியாண்டின் பாதுகாப்புச் சட்டம் இவர்களுக்கு ராணுவ மருத்துவமனைகளின் கதவைத் திறந்தது. முக்கியமானது மேரிலாந்து மாநிலம் பெதஸ்டாவில் உள்ள வால்டர் ரீட் மருத்துவ வளாகம். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் குண்டுவெடிப்பில் மூளை அதிர்ந்த சிப்பாய்களைப் பார்த்துப் பார்த்துக் கைதேர்ந்த குழு அங்கே இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு முன், 2021 தொடக்கத்தில் பாலிமெரோபுலோஸ் அங்கே சேர்வதற்குள் வெளிப்படையாகப் போராட வேண்டியிருந்தது.

அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2024 ஜூலையில் தந்த அறிக்கைப்படி, அந்த ஆண்டு ஜனவரி வரை 334 பேர் ராணுவ மருத்துவ அமைப்பில் சிகிச்சை பெறத் தகுதி பெற்றிருந்தார்கள். எங்கே அழைப்பது, யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் நோயாளிகள் அலைந்தார்கள் என்பதும் அதே அறிக்கையில் வரும் விஷயம்.

எம்ஆர்ஐ-யில் ஒன்றுமே இல்லை என்று ஓர் ஆய்வு சொன்னதே? பிறகு எப்படி இழப்பீடு?

இதுவரை நான்கு முக்கிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசியிருக்கின்றன. வரிசையாகப் பார்ப்போம்.

2018-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் ஹவானாவிலிருந்து வந்த 21 பேரைச் சோதித்தார்கள். தலையில் அடிபடாமலே மூளை அதிர்ச்சி வந்தவர்களைப் போல் இருக்கிறார்கள் என்று எழுதினார்கள். உடனே விமர்சனம் கிளம்பியது. ஞாபகம், கவனம் பற்றிய சில சோதனைகளில் தேறாதவர் என்று சொல்ல அவர்கள் வைத்த கோடு மிக உயரம். நலமாக இருப்பவர்களிலேயே பத்தில் நான்கு பேர் அதற்குக் கீழே விழுவார்கள் என்றார்கள் நரம்பு உளவியல் நிபுணர்கள். 2019-இல் அதே குழு 40 பேரின் ஸ்கேன்களை நலமான 48 பேரோடு ஒப்பிட்டு, மூளையின் வெண்பொருள் அளவிலும் சில இணைப்புகளிலும் வித்தியாசம் இருக்கிறது என்றது. அதற்கு மருத்துவ ரீதியில் என்ன பொருள் என்பது தெளிவில்லை என்றும் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள்.

2020 டிசம்பரில் தேசிய அறிவியல் கழகங்களின் குழு, குறிவைத்துத் துடிப்புகளாக அனுப்பப்படும் ரேடியோ அலை ஆற்றலே இருக்கும் விளக்கங்களில் மிகப் பொருத்தமானது என்றது. மைக்ரோவேவ் துடிப்புகள், வெளியே சத்தம் எதுவும் இல்லாமலே, தலைக்குள் சத்தம் கேட்பது போன்ற உணர்வைத் தரும் என்பதை அமெரிக்க விஞ்ஞானி ஆலன் ஃப்ரே 1960-களின் தொடக்கத்திலேயே காட்டியிருந்தார். அதனால் இது வெறும் கற்பனை என்று தள்ள முடியாது. அப்படி ஒரு கருவியை அதுவரை யாரும் கைப்பற்றிக் காட்டவில்லை என்பதும் அக்குழுவுக்குத் தெரிந்திருந்தது.

2024 மார்ச்சில் அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனம் எண்பதுக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து முடிவு வெளியிட்டது. ஒத்த பின்னணி கொண்ட நலமானவர்களோடு ஒப்பிட்டால் எம்ஆர்ஐ-யில் மூளைக் காயத்துக்கான குறிப்பிடத்தக்க அடையாளம் இல்லை. ஆனால் சோர்வு, மனச்சோர்வு, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் இவர்களிடம் கூடுதல். 28 விழுக்காட்டினருக்கு, சமநிலைக் குறைபாடு போன்ற, உறுப்பில் சேதம் தெரியாத செயல்பாட்டு நரம்பியல் கோளாறு இருந்தது. அறிகுறிகள் உண்மையானவை, இவர்கள் நடிக்கவில்லை என்று ஆய்வாளர்கள் வலியுறுத்தினார்கள். சம்பவத்துக்கும் ஸ்கேனுக்கும் இடையே வாரங்கள், பலருக்கு மாதங்கள் ஓடியிருந்ததால், ஆரம்பத்தில் இருந்த சேதம் ஆறிப்போயிருக்கலாம் என்ற மறுப்பும் வந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த ஆய்வே நிறுத்தப்பட்டது. ஆய்வில் சேர்ந்தவர்களில் சிலர் தாங்களாக விரும்பிச் சேரவில்லை, கட்டாயப்படுத்தப்பட்டார்கள் என்று உள்விசாரணையில் தெரிந்தது. கட்டாயப்படுத்தியது ஆய்வாளர்கள் அல்ல என்றது நிறுவனம். சிகிச்சை வேண்டுமானால் ஆய்வில் சேர் என்று சிஐஏ நெருக்கியதாகச் சில முன்னாள் அதிகாரிகள் குற்றம் சாட்டியிருந்தார்கள்.

இழப்பீட்டுக்கு வருவோம். விதியிலுள்ள மூன்றாவது வழி எம்ஆர்ஐ-யைக் கட்டாயமாக்கவில்லை என்பதால், 2024 ஆய்வு யாருடைய விண்ணப்பத்தையும் தானாக ரத்து செய்யாது. ஆனால் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் மேசையில் இருப்பவரும் மனிதர்தான். அந்த ஆய்வை அவரும் படித்திருப்பார்.

வெளிநாட்டுச் சதி இல்லை என்று உளவு அமைப்புகளே சொல்லிவிட்டன. பிறகும் பணம் ஏன்?

அவை சொன்னது அத்தனை நேராக இல்லை. 2023 மார்ச் 1 அன்று ஏழு அமைப்புகள் சேர்ந்து தந்த மதிப்பீட்டில், வெளிநாட்டுப் பகைவர் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று ஐந்து அமைப்புகள் சொன்னன. ஒன்று "வாய்ப்புக் குறைவு" என்று சற்றுத் தளர்த்திச் சொன்னது. இன்னொன்று கருத்தே சொல்லவில்லை. 2025 ஜனவரியில் வந்த அடுத்த மதிப்பீட்டில் ஐந்து அமைப்புகள் அதே நிலையில் நின்றன, இரண்டு நகர்ந்தன. சிறு எண்ணிக்கையிலானவர்கள் மீது ஒரு வெளிநாடு புதுவகை ஆயுதத்தைப் பயன்படுத்தியிருக்க ஏறக்குறைய சரிபாதி வாய்ப்பு உண்டு என்றது ஒன்று. அப்படிப்பட்ட கருவியை உருவாக்கியிருக்கச் சரிபாதி வாய்ப்பு உண்டு, பயன்படுத்தியிருப்பது சந்தேகம் என்றது மற்றொன்று.

இதற்கிடையே 2024 மார்ச் இறுதியில் ரஷ்யப் புலனாய்வு இணையதளமான தி இன்சைடர், ஜெர்மன் வார இதழ் டெர் ஷ்பீகல், அமெரிக்கத் தொலைக்காட்சியின் 60 மினிட்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து, ரஷ்ய ராணுவ உளவுத்துறையின் 29155 என்ற பிரிவின் ஆட்கள் சில சம்பவ இடங்களுக்கு அருகே இருந்ததாகச் செய்தி வெளியிட்டன. ரஷ்யா மறுத்தது. 2024 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை உளவுத்துறைத் துணைக்குழுவின் இடைக்கால அறிக்கை, உளவு அமைப்புகளின் முடிவு ஐயத்துக்குரியது, சில சம்பவங்களுக்குப் பின்னால் ஒரு பகைநாடு இருக்கும் வாய்ப்பு கூடிவருகிறது என்றது.

இப்படி நாளுக்கொரு பேச்சு மாறும் என்று 2021-இல் யாருக்கும் தெரியாது. தெரிந்தது போலத்தான் சட்டத்தை எழுதியிருக்கிறார்கள். பகைநாட்டைக் காட்டினால்தான் பணம் என்று எழுதியிருந்தால் ஒரு காசுகூட வெளியே வந்திருக்காது. காயத்தோடு நிறுத்திக்கொண்டதால், மேலே மதிப்பீடுகள் எப்படிப் புரண்டாலும் கீழே விண்ணப்பம் நகர்கிறது. பணம் தருவதால் தாக்குதல் நடந்ததை அரசு ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது.

அந்தச் சத்தம் வெறும் பூச்சி என்றார்களே?

ஒரு பதிவுக்கு அது உண்மையாகவே இருக்கலாம். ஹவானாவில் பதிவாகி ஊடகத்தில் வெளியான சத்தம், கரீபியத் தீவுகளில் வாழும் குட்டைவால் சில்வண்டின் ஒலியோடு ஒத்துப்போகிறது என்று 2019 தொடக்கத்தில் இரண்டு உயிரியலாளர்கள் காட்டினார்கள். அரசுக்கு ஆலோசனை தரும் ஜேசன் என்ற விஞ்ஞானிகள் குழுவும் அதற்கு முன்பே பூச்சியைத்தான் சந்தேகித்திருந்தது. ஆனால் பூச்சி தலைசுற்றலைத் தராது. சத்தமே கேட்காமல் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

இந்தச் சட்டம் ஹவானா சின்ட்ரோமுக்கு மட்டும்தானா?

இல்லை. பெயர்தான் ஹவானா. வெளிநாட்டில் பணியில் இருக்கும்போது பயங்கரவாதிகள் வைத்த குண்டு வெடித்து மூளை அதிர்ந்த சிஐஏ அதிகாரிக்கும் வரையறை பொருந்தும். முதல் வழியே அப்படிப்பட்ட காயத்தைத்தான் விவரிக்கிறது.

சீருடை அணிந்தவர்களுக்கு வழி வேறு. 2020 ஜனவரி 8 அன்று ஈராக்கின் அல் அசாத் தளத்தில் ஈரான் ஏவுகணைகளை வீசியபோது, முதலில் யாருக்கும் காயமில்லை என்றார்கள். பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட சிப்பாய்களுக்கு மூளைக் காயம் என்று தெரிந்தது. சிலருக்குத் தலைவலி என்று கேள்விப்பட்டதாக அன்றைய அதிபர் டிரம்ப் சொன்னது பெரும் கோபத்தைக் கிளப்பியது. அவர்கள் படைவீரர் நலத்துறையின் ஊனமுற்றோர் உதவிக்குள் வருவார்கள். ஏவுகணை விழுந்ததை உலகமே பார்த்த இடத்திலும் மூளைக் காயத்தை நம்பவைக்க வாரங்கள் ஆயின என்பதைக் கவனியுங்கள்.

இந்தியாவில் ஏதாவது சம்பவம் உண்டா?

ஒன்று செய்தியானது. 2021 செப்டம்பரில் அப்போதைய சிஐஏ இயக்குநர் வில்லியம் பர்ன்ஸ் இந்தியா வந்தபோது, அவருடன் வந்த குழுவில் ஒருவருக்கு இந்த அறிகுறிகள் தோன்றி சிகிச்சை தரப்பட்டதாக அமெரிக்க ஊடகங்கள் சொல்லின. அதற்குச் சில வாரங்கள் முன், ஹனோயில் இப்படி ஒரு புகார் எழுந்ததால் துணை அதிபர் கமலா ஹாரிஸின் விமானம் சிங்கப்பூரிலிருந்து மணிக்கணக்கில் தாமதமாகக் கிளம்பியது. ஹவானா சட்டம் பிரதிநிதிகள் சபைக்கு வாக்கெடுப்புக்கு வந்தது இந்த இரண்டும் சூடாக இருந்த அதே நாட்களில்தான்.

கனடாவின் தூதரக ஊழியர்களும் பாதிக்கப்பட்டார்களே, அவர்களுக்கு?

அவர்களுக்கு இப்படி ஒரு சட்டம் கிடையாது. ஹவானாவில் இருந்த கனடியத் தூதரக ஊழியர்களும் குடும்பத்தாரும் 2019-இல் தங்கள் அரசின் மீதே வழக்குப் போட்டு 2.8 கோடி கனடிய டாலர் கேட்டார்கள். ஆபத்து தெரிந்தும் அரசு எங்களை எச்சரிக்கவில்லை, அங்கேயே வைத்திருந்தது என்பது வாதம். வழக்கு என்று வந்துவிட்டால் அரசின் தவறையும், அந்தத் தவறால்தான் காயம் என்பதையும் வாதிதான் நிறுவ வேண்டும். ஹவானா சட்டம் அமெரிக்க விண்ணப்பதாரரின் தோளிலிருந்து இறக்கி வைத்த சுமை அதுவே.